கேட் கடிகாரத்தின் ஏழு நிமிடம்

2007 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். தண்ணீர் 5.10க்கு வந்தது, இரண்டு டிரம்மும் நான்கு குடமும் நிறைந்தன. 6.30க்குச் சைக்கிளைத் துடைத்தேன். பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருந்ததால் பம்பால் பதினெட்டு அடி அடித்தேன். 7.15க்கு வானொலியில் செய்தி தொடங்கும்போது கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தேன். நான்கு விநாடி பின்னால் இருந்தது, திருத்தினேன். நாஷ்டா மூன்று இட்லி. 7.55க்குப் புறப்பட்டேன்.

அன்றைய நாட்குறிப்பில் முதல் பத்தி இப்படி இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் காற்றடித்த கணக்கையெல்லாம் எழுதி வைப்பானா என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். பதினெட்டு வருடம் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும்?

என் கம்பெனி காக்களூர் எஸ்டேட்டில் இருந்தது. மோட்டார்களுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி. எல்லாருமாகச் சேர்ந்து நூற்றைம்பது பேருக்குள். என் வீடு ரயில்வே லைனுக்குத் தெற்கே, புட்லூர் பக்கம். ரயில்வே கேட் திறந்திருந்தால் சைக்கிளில் இருபத்தாறு நிமிடம். கேட் மூடியிருந்தால் இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்று. ஒன்பது மாதக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து நான் கண்ட கணக்கு இது. அதற்குத் தகுந்தபடிதான் 7.55க்குப் புறப்படுவேன். ஷிப்ட் 8.30க்கு. எப்படிப் போனாலும் நான்கு நிமிடமாவது கையில் இருக்கும்.

அன்று கேட் திறந்திருந்தது. மெயின் ரோட்டில் ஏறியதும் வழக்கமான கூத்து. சைக்கிள்காரனுக்கு அந்த ரோட்டில் விட்ட இடம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம். அதிலும் பாதி, லாரிகள் சிந்திய மணல். மீதியில் ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றும். நான் கோட்டுக்கு உள்ளே, ஒரு முழம் தள்ளித்தான் போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அன்று எஸ்டேட் திருப்பம் வரை நாற்பத்தொரு ஹாரன். நாற்பத்திரண்டாவது ஆள் ஹாரன் அடிக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி பைக்கில் வந்தவன், என் கைப்பிடியில் உரசி, தன் தப்பில் தானே தடுமாறி, கால் ஊன்றி நின்றான்.

"யோவ் பெருசு, நட்ட நடு ரோட்ல இன்னா சவாரி? ஓரமா போய்க்கினு இருக்க முடியாது?"

"ஓரத்துல மணல் கீதுப்பா. நீ அள்ளிப் போடு, நான் ஓரமா போறேன்."

போனில் இருந்த ஆளிடம், "இரு மச்சான், ஒரு பேஜாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் இறங்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. பெடலில் ஒரு கால் வைத்தபடி அவன் போகும்வரை அதே இடத்தில் நின்றேன். அதில் ஒரு நிமிடம் போயிற்று. கம்பெனி கேட்டை அடையும்போது என் கைக்கடிகாரத்தில் 8.22.

அந்தக் கேட்டில் அப்போது மூன்று வாரமாக ஒரு கைரேகை இயந்திரம் இருந்தது. அதற்கு முன் அங்கே நான் இருந்தேன். சன்னலோர மேசை, வருகைப் பதிவேடு, நீல மை, சிவப்பு மை. வருபவர் கையெழுத்துப் போடுவார். நான் பக்கத்தில் மணியை எழுதுவேன். 8.30 தாண்டினால் சிவப்பில் ஒரு சுழி. இயந்திரம் வந்த திங்கட்கிழமையே என்னை அனுப்புகைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளில் முகவரி ஒட்டும் இடம். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

இயந்திரத்தில் பெருவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 8.29.

அந்த ஏழு நிமிட வித்தியாசம் எனக்கு முதல் நாளே தெரியும். அன்றைய குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன்: "மிஷின் 7 நிமிடம் வேகம்." யாரிடமும் சொல்லவில்லை. நேரம் பார்க்கிற வேலை இனி என்னுடையது இல்லையே, நேரம் எப்படியோ போகட்டும் என்ற கோபம். இதை மறைத்து எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. கோபம்தான் காரணம்.

காலை பத்து மணிக்கு என் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு மெயில் முகவரி கொடுத்து, கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருந்தார்கள். அதை நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அனுப்புகைப் பிரிவின் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன். நானாகத் திறந்து படித்த முதல் மெயில் அது. அனுப்பியவர் எச்.ஆர். மேடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது; எழுந்து வந்தால் பதினைந்தடி.

ஜூலை மாதம் மூன்று நாள் நான் தாமதமாக வந்திருக்கிறேன் என்றது மெயில். 8.32, 8.33, 8.31. சைக்கிளில் வருவதால் இப்படி ஆகிறது. இனி வேறு வாகனத்தில் வருவேன் என்று உறுதி கூறி, மன்னிப்புக் கேட்டு, இணைத்திருக்கும் கடிதத்தில் கையெழுத்திட்டு மறுநாள் காலை பத்து மணிக்குள் தர வேண்டும். தராவிட்டால் மெமோ, பணிக் கோப்பில் சேரும்.

பதினெட்டு வருடத்தில் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புச் சுழி கிடையாது. நானே எழுதிய பதிவேடு என்பதால் சொல்லவில்லை. நான் தாமதமாக வந்திருந்தால் எனக்கும் போட்டிருப்பேன். அந்த மூன்று நாளும் ரயில்வே கேட் மூடியிருந்தது. குனிந்து, கம்பிக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போகிறவர்களோடு நான் போவதில்லை. நின்றேன். என் கைக்கடிகாரப்படி கம்பெனி வந்தது 8.25, 8.26, 8.24.

மெயிலைப் படித்து முடிப்பதற்குள் விஷயம் பட்டறைக் கூடமான ஷாப் ஃப்ளோருக்குப் போய்விட்டது. ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் பைக்கில் வரும் ஃபிட்டர் ஒருவர், பெட்டி எடுக்க வந்தவர், என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"இன்னா சார், உங்களுக்கே சுழியா? எங்களுக்கு எத்தினி தபா சிவப்பு இங்க்ல சுழிச்சிருப்பீங்க! ஆண்டவன் இருக்கான் நைனா!"

"நான் சரியான டைம்லதான் வந்தேன். மெஷின் ஏழு நிமிஷம் வேகமா ஓடுது. உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? எல்லாருக்கும் தெரியும். கேட் டைமு ஓடுது. நாங்கல்லாம் ஊட்ல ஏழு நிமிஷம் முன்ன கெளம்பி வந்துகினுதான கீறோம். நீங்களும் ஒரு பைக்கு வாங்கிக்கோ சார். முறுக்குனா வந்துரும்."

கேட் டைம் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். எங்கள் கேட்டில், செக்யூரிட்டி அறைக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம் மாட்டியிருக்கும். அது எப்போதும் ஏழு நிமிடம் முன்னால் ஓடும். வெளியே டீக்கடையில் கிளாஸும் கையுமாக நிற்பவர்களை உள்ளே இழுக்க எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோய், கடிகாரம் 8.37 காட்டும்வரை டீ குடித்தார்கள். யாராவது மணி சொன்னால், "கேட் டைமா, ஊட்டு டைமா?" என்று கேட்டுக்கொள்வது எங்கள் கம்பெனியில் பழக்கம். பாட்டரி மாற்றும் செக்யூரிட்டிகூட அந்த ஏழு நிமிடத்தைச் சேர்த்துத்தான் வைப்பார். நான் பதிவேட்டில் எழுதியது கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஊட்டு டைம். ஆகவே ஒருவருக்கும் நஷ்டமில்லை. இப்போதுதான் கதை மாறிவிட்டது. காலையில் உள்ளே வருவது இயந்திரத்தின் கேட் டைமில். மாலையில் மணி அடிப்பது ஷாப் ஃப்ளோர் கடிகாரத்தின் சரியான டைமில். ஆளுக்கு ஏழு நிமிடம் தினமும் காணாமல் போகிறது. எல்லாரும் தெரிந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முறுக்கினால் வந்துவிடும் என்பதால்.

எழுந்து, அந்தப் பதினைந்தடியை நான் நடந்தேன்.

எச்.ஆர். மேடம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வயதிருக்கும். மரியாதையாகவே பேசுவார். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சார், மெஷின் பொய் சொல்லாது."

"சொல்லாது மேடம். யாரோ சொல்லிக் குடுத்ததைத் திருப்பிச் சொல்லும். அது ஏழு நிமிஷம் வேகம்."

"கேட் க்ளாக்கும் அதே டைம்தானே சார் காட்டுது?"

"அந்தக் கடிகாரமும் வேகம் மேடம்."

செல்போனை எடுத்துப் பார்த்தார். "என் ஃபோன்லயும் அதேதான். இந்தக் கம்ப்யூட்டர்லயும் அதேதான். நாலும் தப்பா இருக்குமா?"

"உங்க ஃபோன்ல டைம் எப்படி வெச்சீங்க?"

சற்று யோசித்தார். "மெஷின் வந்த அன்னைக்கு, அதைப் பார்த்துத்தான்."

"கம்ப்யூட்டர்ல?"

"எல்லாம் அதோட கனெக்ட் ஆகியிருக்கு."

"அப்போ நாலு சாட்சி இல்லை மேடம். ஒரு சாட்சிதான். ஷாப் ஃப்ளோர் கடிகாரம் பாருங்க, என் வாட்ச் பாருங்க."

"அது பழைய க்ளாக் சார், ஸ்லோவா இருக்கும். உங்க வாட்ச் நீங்க எதைப் பார்த்து வெச்சீங்க?"

"ரேடியோ."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, "சரி சார், மெஷின்ல தப்பா டைம் செட் பண்ணாங்கன்னா, யாருன்னு எழுதிக் குடுங்க. ஆக்‌ஷன் எடுக்கிறேன். சும்மா மெஷின் தப்புன்னு என்னால மேல சொல்ல முடியாது. இல்லேன்னா லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடுங்க. பைக் லோனுக்குக்கூட நான் ரெக்கமண்ட் பண்றேன்" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் உதவியாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகியது.

"சைக்கிளை விடமாட்டேன் மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் 12.40க்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அங்கே பகல் செக்யூரிட்டி பழவேற்காட்டுக்காரர். அவருடைய அண்ணன்மார்கள் அங்கே துணி வியாபாரம் செய்கிறார்கள். இவர் மட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திருவள்ளூரில் வீடெடுத்து, ஏஜென்சி மூலம் எங்கள் கம்பெனியில் நின்றார். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். நான் கேட்பதற்கு முன்பே அவர் முகம் சரியில்லை.

"சார், மெயில் விஷயம் கேள்விப்பட்டேன்."

"மெஷின் மாட்ட வந்தவன் மணி எங்கே பார்த்தான் பாய்?"

மேலே கடிகாரத்தைப் பார்த்தார். "ஏணில நின்னுகினு, மணி இன்னான்னு கேட்டான். நான் அதோ, அதைப் பாத்துச் சொன்னேன். ஊட்டு டைம் சொல்லணும்னு அப்பத் தோணலே சார். கேட்ல நின்னா வாயில கேட் டைம்தான் வருது. மறுநாளே தெரிஞ்சிபோச்சி. சொன்னா, யார்றா சொன்னதுன்னு கேப்பாங்க."

"கேட்டுட்டாங்க."

"என் பேரைச் சொல்லிராதீங்க சார். ஏஜென்சிக்காரன் அன்னிக்கே கும்மிடிப்பூண்டி சைட்டுக்குத் தூக்கிப் போட்டுருவான். பெரியவ பத்தாவது. நான் போக வர அஞ்சு மணி நேரம் ஆவும்."

"சொல்லமாட்டேன்."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டுருவீங்களா?"

"அதுவும் மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் இரண்டையும் எப்படிச் செய்யப்போகிறேன் என்று கேட்டது. எனக்கும் அது தெரியவில்லை. அவருடைய பாத்திரத்திலிருந்து ஒரு துண்டு மீனை என் மூடியில் வைத்தார். சாப்பிட்டோம்.

மாலை ஷாப் ஃப்ளோர் மணி 5.30க்கு அடித்தது. இயந்திரம் 5.37. வீடு திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் பதினொரு பைக்குகள் கம்பிக்கு அடியில் நுழைந்தன. பதினொரு பேரில் நான்கு பேர், ரயில் ஹாரன் கேட்ட பிறகும் தண்டவாளத்தின் மேல் நின்று செல்போனைப் பார்த்தார்கள். அவசரம் என்கிறார்களே, அப்படி அவசரமாகப் போய்ச் சேர்ந்து மிச்சப்பட்ட நேரத்தில் இவர்கள் அந்தக் கையகலத் திரையைத்தானே பார்க்கப்போகிறார்கள் என்று அன்று நினைத்தேன். நான்கு நிமிடம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நான்கு நிமிடம் என்னுடையது. அதை யாரும் கேட் டைமில் சேர்க்கவில்லை.

வீட்டில் 6.25க்குக் காப்பி குடித்துக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துட்டு வாங்களேன். அப்புறமும் சைக்கிள்லயே போங்க. யாரு தெருத்தெருவா வந்து பாக்கப் போறாங்க?"

"வேற வண்டியில வரேன்னு எழுதிக் குடுத்துட்டுச் சைக்கிள்ல போறதா?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க."

"நான் லேட்டா வரலை. வரலைங்கறப்ப வந்தேன்னு எப்படி எழுதறது? பதினெட்டு வருஷம் மத்தவங்க லேட்ட எழுதினவன் நான்."

அவள் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நிமிராமலே, "அந்தக் கடிகாரத்தை நீங்கதானே தள்ளி வெச்சீங்க?" என்றாள்.

"எந்தக் கடிகாரம்?"

"கேட்டுக் கடிகாரம். சின்னவன் வயித்துல இருந்தப்ப. அன்னிக்கு வந்து என்னா பெருமை! மேனேஜர் உங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருன்னு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு, எங்கிட்டச் சொன்னீங்க. மறந்துடுச்சா?"

மறந்துவிட்டது. காற்றடித்த கணக்கை எழுதுகிறவனுக்கு அது மறந்துவிட்டது. "எப்போதோ யாரோ" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அலமாரியில் நாட்குறிப்புகள் வருடவாரியாக அடுக்கியிருக்கும். சின்னவன் பிறந்த வருடத்தை எடுத்தேன். பத்தே நிமிடத்தில் கிடைத்தது, என் கையெழுத்தில், நீல மையில்: "மேனேஜர் சொன்னபடி கேட் கடிகாரத்தை 7 நிமிடம் முன் வைத்தேன். காலை 7.50, ஸ்டூல் போட்டு. யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார்." கீழே அன்று எத்தனை பேர் சீக்கிரம் உள்ளே வந்தார்கள் என்ற கணக்குவேறு எழுதியிருந்தேன்.

அந்த மேனேஜர் எப்போதோ வேறு ஊர் போய்விட்டார். கடிகாரம் மட்டும் நான் வைத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. நான் வைத்த பொய்யைப் பாய் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை இயந்திரம் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தைப் பார்த்துச் செல்போனில் மணி வைத்தார்கள். என்னைத் தாமதம் என்று சொன்ன நேரம் என்னிடமிருந்தே புறப்பட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் அவமானமாக இருந்தது. பிறகு இல்லை. யார் என்று எழுதிக் கொடுங்கள் என்றுதானே மேடம் கேட்டார்? எழுத ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

முழுத்தாள் எடுத்து 7.10க்கு எழுத உட்கார்ந்தேன். கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. முக்கியமான பகுதி இது:

"கேட் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் வைத்தவன் நான். அப்போதைய மேனேஜரின் உத்தரவுப்படி வைத்தேன். என் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். புதிய இயந்திரத்தின் நேரம் அந்தக் கடிகாரத்தை ஒட்டி அமைந்துவிட்டது. இதை முதல் நாளே அறிந்தும் சொல்லாமல் இருந்தது என் தவறு. அதற்கு மெமோ கொடுத்தால் பெற்றுக்கொள்கிறேன். நான் தாமதமாக வந்ததாக எழுத மாட்டேன், வரவில்லை. சென்ற மாதம் தாமதம் என்று குறிக்கப்பட்ட மற்றவர்களின் பதிவையும் ஏழு நிமிடம் கழித்துத் திருத்த வேண்டும். நான் சைக்கிளில்தான் வருவேன். 7.55க்குத்தான் புறப்படுவேன்."

மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வேண்டாமே என்றாள். அதற்காகத்தான் மற்ற வரிகளையெல்லாம் எழுதினேன் என்றேன். "அப்ப மொத வரியிலயே அதை எழுதியிருக்கலாம்" என்றாள். தெரு முனைக் கடையில் நாட்குறிப்புப் பக்கத்தை நகல் எடுத்து வந்து கடிதத்தோடு குண்டூசியால் குத்தி, சட்டைப் பையில் வைத்தேன். 9.30க்குப் படுத்தேன்.

மறுநாள், 7.55க்குப் புறப்பட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றேன். கம்பெனி வாசலுக்கு வந்தபோது கைக்கடிகாரத்தில் 8.24. டீக்கடையில், முன்பே வந்து ரேகை வைத்துவிட்ட பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஃபிட்டர் பைக்கை உள்ளே தள்ளிக்கொண்டே, "சார், ஓடியா, ஓடியா, டைம் ஆயிட்ச்சி!" என்று கத்தினார். நான் ஓடவில்லை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் வேலையாகப் பாயிடம் ஸ்டூலைக் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"வெச்சவன் எடுக்க வந்திருக்கேன். பிடிச்சுக்குங்க."

அவர் ஒரு கணம் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏறிக் கடிகாரத்தை இறக்கினேன். பின்பக்கம் ஒட்டடை. திருகைப் பின்னால் திருப்பி, என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்து, ஆணியில் மாட்டினேன். டீக்கடையிலிருந்து எல்லாரும் கிளாஸோடு கேட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மேடம் எழுந்து நிற்பது தெரிந்தது.

அப்புறம் இறங்கிப் பெருவிரலை இயந்திரத்தில் வைத்தேன். 8.33 என்றது. தலைக்கு மேலே 8.26.